ஊனப் பென்ஷன் அபீலும் ‘ரிமாண்டு’ உத்தரவும்

பட்டாளத்தில் சேவித்து, நோயுடனோ காயத்துடனோ ஊர் திரும்பியவருக்கு ஊனப் பென்ஷன் மறுக்கப்பட்டால், அந்தக் காகிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுதல் நம் கிராமங்களில் வழக்கமாயிருக்கிறது. அங்ஙனம் செய்யலாகாது, அபீலுக்கு வழியுண்டு.

ஊனம் சேவையால் உண்டானதாகவேனும், சேவையால் மிகுந்ததாகவேனும் இருத்தல் வேண்டும்; அதன் அளவு பொதுவாக 20 சதவீதத்துக்குக் குறையலாகாது. இவ்விரண்டையும் மருத்துவ போர்டார் எழுதுகின்றனர். சேர்ந்த நாளில் நோயெதுவும் குறிக்கப்படாதவர் அன்று நல்ல தேகத்துடன் இருந்தவரென்றே கொள்ளவேண்டும். பின் வந்த நோய்க்குச் சேவை காரணமன்றென ருசுப்படுத்தும் பாரம் சர்க்காரைச் சாரும் என்று 2013-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது 1982-ஆம் வருஷத்து விதிகளையொட்டியது. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் அமலில் இருப்பதால், விலகிய தேதியை முதலில் பார்க்கவேண்டும்.

மறுப்புக் கடிதம் கிடைத்த 6 மாதத்துக்குள் முதல் அபீல் செய்யவேண்டும். அதுவும் தள்ளப்பட்டால் இரண்டாம் அபீல் உண்டு. அதன்பின், 2007-ஆம் வருஷத்துச் சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளையை, கடைசி உத்தரவிலிருந்து 6 மாதத்துக்குள் அணுகலாம்.

அங்கே சில வழக்குகளில் ‘ரிமாண்டு’ என உத்தரவாகும். இச்சொல்லைக் கேட்டதும் காவலில் வைத்தல் என்று எண்ணி அஞ்சவேண்டாம். பழைய முடிவில் குறையிருத்தலால், மறுபடி விசாரித்து முடிவு செய்யும்படி வழக்கைக் கீழதிகாரிக்கே திருப்பியனுப்புதல் என்பதே இதன் பொருள். இது தோல்வியன்று, வெற்றியுமன்று. கூமாப்பட்டிக்காரர் ஒருவருக்கு இவ்வாறு உத்தரவாயிற்றென்று வைத்துக்கொள்வோம். முந்திய மறுப்பு ரத்தாகும். ஆயினும் பென்ஷன் மஞ்சூராகிவிடவில்லை. உத்தரவு மறு மருத்துவ போர்டைக் குறிப்பிட்டிருந்தால், அவர் குறித்த நாளில் ஆஸ்பத்திரித் தஸ்தாவேஜுகளுடன் தவறாது ஆஜராகவேண்டும். புது முடிவும் பாதகமாயின், அதன்மேலும் அபீல் செய்யலாம்.

ரிமாண்டு ஆனதும் பாக்கித்தொகை வந்துவிடுமென நம்பி நிலத்தை ஈடு வைத்துக் கடன் வாங்குவோர் உண்டு. பென்ஷன் தாமதித்தாலும் வட்டி தாமதிப்பதில்லை. மஞ்சூர் உத்தரவு கைக்கு வருமுன் அப்பணத்தை நம்பி எவரும் கடன்படலாகாது. உத்தரவு நகலையும் அது கிடைத்த தேதியையும் பத்திரப்படுத்தி, விருதுநகரிலுள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காட்டி யோசனை கேட்பதே நலம். தவணை தவறாமையே அபீலின் முதற் பலமாகும்.