தண்ணீரில் ஒரு பந்தயம்

கோயில்தோறும் ஒரு திருக்குளம், தோட்டந்தோறும் ஒரு கிணறு, ஆடி பிறந்தால் ஆற்றங்கரையில் பதினெட்டாம் பெருக்கு - இப்படித் தண்ணீரைத் தெய்வமாகக் கொண்டாடுகிறவர்கள் நாம். ஆனால் அந்தத் தெய்வத்தின் மடியில் இறங்கச் சொன்னால் மட்டும் படித்துறையின் கடைசிப் படியோடு நின்று விடுகிறோம். "உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள். "பேஷாகத் தெரியும், கடப்பாரை நீச்சல்!" என்று சிரித்துக் கொண்டே பதில் சொல்கிறவர் அவர்களில் ஒருவராவது இருப்பார்.

இது சிரித்துவிட்டுப் போகக் கூடிய விஷயமன்று. 2021-ம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் குழந்தைகளும் இளம் பிராயத்தினருமே. ஆகவே நீச்சலை ஒரு விளையாட்டு என்று மட்டும் எண்ணுவதற்கில்லை. ஆயினும் விளையாட்டாகக் கற்கத் தொடங்கியவன்தான் அதை ஒழுங்காகக் கற்கிறான். பந்தயத்தில் ஆசை கொண்டவன்தான் அதைச் சாஸ்திரமாகப் பயில்கிறான். அந்தச் சாஸ்திரத்தின் அரிச்சுவடியை நம் நேயர்களுக்கு இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

கடலிலிருந்து குளத்துக்கு

1896-ம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் புத்துயிர் பெற்றபோது நீச்சலுக்கென்று குளம் ஒன்றும் கிடையாது. வீரர்கள் ஏப்ரல் மாதத்துக் குளிர்ந்த கடலில் குதித்து நீந்தினார்கள். 100 மீட்டர் பந்தயத்தில் வென்றவர் ஹங்கேரி தேசத்து ஆல்பிரெட் ஹாயோஷ் என்னும் வாலிபர். அவருக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது தகப்பனார் டான்யூப் நதியில் மூழ்கி இறந்து போனார். நீரால் தந்தையை இழந்த பிள்ளை, நீரை வெல்லத் தீர்மானித்து நீச்சல் பயின்றார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 1 நிமிஷம் 22.2 விநாடி.

1912-ல் ஸ்டாக்ஹோம் நகரத்தில் முதன் முதலாகப் பெண்களுக்கும் ஒலிம்பிக் நீச்சல் பந்தயம் வைத்தார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பானி டூராக் என்னும் நங்கை அதே 100 மீட்டர் தூரத்தை நீந்தி வெற்றி பெற்றார். அவருடைய நேரமும் 1 நிமிஷம் 22.2 விநாடியே! பதினாறு ஆண்டுகளுக்கு முன் ஆண்களில் முதல்வன் எட்டிய இடத்தை ஒரு பெண் எட்டிப் பிடித்துவிட்டாள் என்று அர்த்தம். 1922-ல் அமெரிக்கராகிய ஜானி வெய்ஸ்முல்லர் - பிற்காலத்தில் சினிமாவில் 'டார்ஜான்' வேஷம் பூண்டவர்தான் - முதன் முதலாக ஒரு நிமிஷத்துக்குள் இந்தத் தூரத்தைக் கடந்தார். 2024-ல் பாரிஸ் நகரில் சீன வீரர் பான் சான்லெ 46.40 விநாடியில் முடித்தார். மனிதனுடைய கையும் காலும் அன்றிருந்தவைதாம். அவற்றை உபயோகிக்கும் முறையும், பயிற்சியும், நீந்தும் குளமுமே மாறின.

தண்ணீரின் சுபாவம்

தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியுள்ளது. வேகத்தை இரு மடங்காக்கினால் அதன் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. ஆதலால் வெறும் புஜபலத்தால் தண்ணீரோடு மல்லுக்கு நிற்பவன் சீக்கிரம் களைத்துப் போவான். கெட்டிக்காரன் என்ன செய்கிறான்? முதலில் தன் தேகத்தை நீர் தடுக்காதபடி அமைத்துக் கொள்கிறான். தலை, முதுகு, இடுப்பு, குதிகால் எல்லாம் நீர் மட்டத்தோடு ஒரே கோட்டில் கிடக்க வேண்டும். தலையைத் தூக்கினால் இடுப்பு தாழும். இடுப்பு தாழ்ந்தால் உடல் முழுவதும் ஒரு கதவைப் போல் நீரைத் தடுத்து நிற்கும். புதிதாகக் கற்பவர்கள் செய்யும் பிழைகளில் முதன்மையானது இதுவே. மூழ்கி விடுவோமோ என்ற பயத்தில் தலையைத் தூக்குகிறார்கள், தூக்கியதனாலேயே மூழ்குகிறார்கள்!

நால்வகை நீச்சல்

பந்தயங்களில் இன்று நான்கு வகை நீச்சல்கள் உண்டு.

முதலாவது 'ப்ரீஸ்டைல்'. 'இஷ்டப்படி நீந்தலாம்' என்பதே அதன் பொருள். ஆனால் எல்லோருடைய இஷ்டமும் 'கிரால்' என்ற ஒரே முறையில் வந்து முடிந்துவிட்டது. ஏனெனில் அதனினும் விரைவானது வேறில்லை. குப்புறப் படுத்து, கைகளை மாற்றி மாற்றி முன்னே வீசி, நீருக்குள் முழங்கையைச் சற்று உயர்த்தி வைத்துக்கொண்டு, உள்ளங்கையாலும் முன்கையாலும் நீரைப் பின்னே தள்ள வேண்டும். கால்கள் முழங்காலிலிருந்து அல்ல, இடுப்பிலிருந்து அசைய வேண்டும். மூச்சு வாங்கத் தலையைத் தூக்கலாகாது. உடலோடு சேர்த்துப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். வாய் நீருக்கு வெளியே வரும்போது மூச்சை உள்ளிழுத்து, முகம் நீரில் இருக்கும்போது அதை வெளியே விட வேண்டும்.

இந்த முறையின் வரலாறு வேடிக்கையானது. 1844-ல் அமெரிக்க ஆதிக்குடிகள் இருவர் லண்டனுக்கு வந்து, காற்றாடி இயந்திரத்தைப் போல் கைகளைச் சுழற்றி நீந்திக் காட்டினார்கள். ஆங்கிலேயர்கள் அதன் வேகத்தைக் கண்ணாரக் கண்டும், 'இது நாகரிகமற்ற முறை' என்று முகம் சுளித்து, நிதானமான மார்பு நீச்சலையே தொடர்ந்து நீந்தி வந்தார்கள்! அரை நூற்றாண்டுக்கு மேல் சென்ற பிறகு, சாலமன் தீவுகளிலிருந்து வந்த அலிக் விக்கம் என்னும் இளைஞரும், காவில் குடும்பத்துச் சகோதரர்களும் சிட்னி நகரில் இந்த முறையைப் பந்தயங்களில் கையாண்டனர். ஹவாய்த் தீவில் பிறந்த டியூக் கஹானமோக்கு 1912-லும் 1920-லும் ஒலிம்பிக் 100 மீட்டர் பந்தயத்தில் வென்று அதன் பெருமையை நிலைநாட்டினார். ஒரு ஜாதியாரின் கலையை மற்றொரு ஜாதியார் இழிவாக எண்ணினால் நஷ்டம் யாருக்கு என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

இரண்டாவது முதுகு நீச்சல். மல்லாந்து படுத்து, கிராலைப் போலவே கைகளை மாற்றி மாற்றிப் பின்புறமாக வீசுவது. முகம் வெளியே இருப்பதால் மூச்சுக்குக் கஷ்டமில்லை. ஆனால் போகும் வழி தெரியாது. அதற்காகவே குளத்தின் இரு முனையிலும் சுவரிலிருந்து 5 மீட்டர் தூரத்தில் சிறு கொடிகளைத் தோரணமாகக் கட்டியிருக்கிறார்கள். கொடியைக் கண்டதும், சுவரைத் தொட இன்னும் எத்தனை வீச்சு வேண்டும் என்று வீரன் மனத்துக்குள் எண்ணத் தொடங்குவான். எண்ணிக்கை தவறினால் தலை சுவரில் மோத வேண்டியதுதான்!

மூன்றாவது மார்பு நீச்சல். நான்கிலும் பழமையானது, மெதுவானது, பார்வைக்கு எளிதானது. இரு கைகளும் மார்புக்கு முன் ஒருங்கே விரிந்து கூடும். கால்கள் தவளையின் கால்களைப் போல் மடங்கி உதைக்கும். இதன் ரகசியம் உதைப்பில் பாதி, உதைத்தபின் உடலை நீட்டி வழுக்கிச் செல்லும் பொறுமையில் பாதி. அவசரக்காரர்களுக்கு இது வசப்படாது. 1875-ல் காப்டன் மாத்யூ வெப் ஆங்கிலக் கால்வாயை முதன் முதலாக நீந்திக் கடந்தது இம்முறையில்தான். கிட்டத்தட்ட 22 மணி நேரம் பிடித்தது.

நான்காவது வண்ணத்துப்பூச்சி நீச்சல். இது மார்பு நீச்சலின் வயிற்றில் பிறந்த குழந்தை. கைகளை நீருக்கு மேலாக வீசக் கூடாதென்று பழைய சட்டத்தில் தடை இல்லாததைச் சில சூட்சும புத்திக்காரர்கள் 1930-களில் பயன்படுத்திக் கொண்டனர். வழக்கு நெடுநாள் நடந்து, 1952-ல் இதைத் தனி வகையாகப் பிரித்தார்கள். 1956-ல் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. இரு கைகளும் ஒருங்கே எழுந்து சிறகு போல் வீசும். கால்கள் இரண்டும் சேர்ந்து மீன் வாலைப் போல் அடிக்கும். கையின் ஒரு வீச்சுக்குக் காலின் இரண்டு அடி என்பது கணக்கு. நான்கிலும் தேகத்தை அதிகமாகக் களைக்கச் செய்வது இதுவே.

சட்டமும் சாமர்த்தியமும்

ஒலிம்பிக் குளம் 50 மீட்டர் நீளமுள்ளது. கயிறுகளால் பாதை பாதையாகப் பிரித்திருப்பார்கள். அடையாள ஒலி எழுமுன் அசைந்து புறப்பட்டவனுக்கு மன்னிப்புக் கிடையாது. ஒரே பிழையில் பந்தயத்தினின்று விலக்கப்படுவான். கிரால் நீந்துகிறவன் சுவரை நெருங்கியதும் நீருக்குள் ஒரு குட்டிக்கரணம் போட்டு, பாதங்களால் சுவரை உதைத்துத் திரும்புகிறான். மார்பு நீச்சலிலும் வண்ணத்துப்பூச்சியிலும் இரு கைகளாலும் ஒருங்கே சுவரைத் தொட வேண்டும். ஒரு கையால் தொட்டால் அத்தனை உழைப்பும் வீண்.

நீர் மட்டத்தில் அலையைக் கிழித்துச் செல்வதைவிட நீருக்கடியில் மீனைப் போல் செல்வது சில வேளைகளில் அதிக வேகம் தரும். 1988-ல் ஸியோல் நகரில் ஜப்பானிய வீரர் டாய்ச்சி ஸுஸுகி முதுகு நீச்சல் பந்தயத்தில் முதல் 30 மீட்டர் தூரத்தை நீருக்கடியிலேயே கடந்து தங்கப் பதக்கம் பெற்றார். 'இது நீச்சல் பந்தயமா, முக்குளிக்கும் பந்தயமா?' என்ற கேள்வி எழுந்தது. இன்று கிராலிலும் முதுகு நீச்சலிலும் வண்ணத்துப்பூச்சியிலும் 15 மீட்டருக்குள் தலை வெளியே வந்துவிட வேண்டும் என்பது விதி.

முடிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2008-ல் பீஜிங் நகரில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சிப் பந்தயம் நடந்தது. ஸெர்பிய வீரர் சாவிச் முன்னால் வந்து, கைகளை நீட்டி வழுக்கியபடி சுவரை அணுகினார். அமெரிக்க வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் அந்தக் கடைசி நொடியிலும் மேலும் ஒரு வீச்சு வீசினார். ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெற்றி பெல்ப்ஸைச் சேர்ந்தது. சுவரைத் தொடும் வரையில் பந்தயம் முடியவில்லை என்பதே பாடம்.

நம்மவர் சாதித்தவை

1951-ல் புது டில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுக்கள் நடந்தன. 100 மீட்டர் ப்ரீஸ்டைல் பந்தயத்தில் வங்காளத்து வீரர் சசின் நாக் தங்கப் பதக்கம் பெற்றார். 2023 முடிய நடந்த ஆசியப் போட்டிகளில் நீச்சல் பந்தயத்தில் இந்தியர் பெற்ற தங்கம் அது ஒன்றே. 1986-ல் கஜான் ஸிங் வெள்ளியும், 2010-ல் வீர்தவல் காடே வெண்கலமும் கொண்டு வந்தார்கள். 2021-ல் ஸாஜன் பிரகாஷும் ஸ்ரீஹரி நடராஜும் ஒலிம்பிக்குக்கு விதித்த நேர அளவை நேரடியாகவே எட்டினார்கள். ஆயினும் 2024 பாரிஸ் முடிய ஒலிம்பிக் நீச்சலில் நமக்குப் பதக்கம் கிட்டவில்லை.

சசின் நாக்கின் கண்ணில் பட்டு அவரிடம் பயின்ற ஒரு சிறுமியைப் பற்றி நம் இல்லங்களில் அவசியம் பேச வேண்டும். ஆரதி ஸாஹா 1952-ல் ஹெல்ஸிங்கி ஒலிம்பிக்கில் நீந்தியபோது பதினொரு வயதுப் பாலகி. 1959 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்று தோற்றார். அதோடு வீட்டுக்குத் திரும்பிவிடவில்லை. செப்டம்பர் 29-ந் தேதி மீண்டும் இறங்கி, 16 மணி 20 நிமிஷ நேரம் நீந்தி மறு கரை சேர்ந்தார். ஆசியப் பெண்களில் அதைச் சாதித்த முதல்வர் அவரே.

தமிழ் மக்களுக்கும் இதில் பங்கு உண்டு. வல்வெட்டித்துறையைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954-ல் பாக் ஜலசந்தியை நீந்திக் கடந்தார். ஈரோட்டில் பிறந்த குற்றாலீசுவரன் 1994-ல், பன்னிரண்டு வயதில், அதே ஜலசந்தியையும் ஆங்கிலக் கால்வாயையும் கடந்து, அந்த ஒரே ஆண்டில் மேலும் சில கால்வாய்களையும் நீந்தி முடித்தார்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

'நம் குழந்தை பதக்கம் வாங்கவா போகிறது?' என்று பெற்றோர்கள் கேட்கலாம். வாங்க வேண்டியதில்லை. அகப்படும் கரைக்கு வந்து சேர்ந்தால் போதும். அதைவிட உயர்ந்த பதக்கம் எது? பிள்ளைகளைக் குளத்துக்கு அனுப்பிவிட்டுப் பெண்களை மட்டும் வீட்டில் நிறுத்துவது நியாயமுமன்று, விவேகமுமன்று. வெள்ளம் ஆண், பெண் என்று பார்த்து வருவதில்லை.

கற்கும் வரிசை எளிது. இடுப்பளவுத் தண்ணீரில் முகத்தை அமிழ்த்தி மூச்சை மெல்ல வெளியே விடப் பழக வேண்டும். அடுத்தது மிதத்தல், கை காலைப் பரப்பி மல்லாந்து கிடந்தால் தண்ணீரே தாங்கும் என்ற நம்பிக்கை அப்போது பிறக்கும். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு காலடித்தல். அதன் பின் கை வீச்சு. கடைசியில் இரண்டையும் மூச்சோடு சேர்த்தல். எந்தப் படியிலும் அவசரம் கூடாது. பயந்த குழந்தையைத் தூக்கித் தண்ணீரில் எறிவது போதனையன்று, கொடுமை. முன்னாளில் கிராமத்துக் கிணறுகளில் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி, பெரியவர் ஒருவர் அருகில் நீந்த, பொறுமையாகவே கற்றுக் கொடுத்தார்கள். குடுக்கை போய் ரப்பரும் பலகையும் வந்தாலும், அருகில் இருக்க வேண்டிய பெரியவர் இருந்தே தீர வேண்டும்.

இன்னும் ஒன்று. நீந்தத் தெரிந்தவர்களும் தனியே இறங்கலாகாது. ஆழமறியாத நீரில் தலைகீழாகப் பாயலாகாது. தத்தளிப்பவரைக் கண்டால் பதறிக் குதிக்காமல், கூச்சலிட்டு ஆட்களை அழைத்துக்கொண்டே, கரையில் நின்றபடி கயிறோ கம்போ வேஷ்டியோ புடவையோ எட்டும்படி வீச வேண்டும். குதித்தவரையும் சேர்த்து இழந்த துயரக் கதைகள் ஏராளம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நீந்துவதற்கும் அது உதவாது! இந்தக் கட்டுரையை எத்தனை முறை படித்தாலும் ஓர் அடி தூரம் மிதக்க முடியாது. ஆகையால் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, நல்ல ஆசிரியர் உள்ள நீச்சல் குளம் பக்கத்தில் எங்கே இருக்கிறதென்று இன்றே விசாரியுங்கள். குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். கூடவே நீங்களும் இறங்குங்கள்.