இரட்டையரும் அச்சமும்: ‘ஆளவந்தான்’ பற்றிய ஒரு நோக்கு

இரட்டையர் கதை தமிழ்ச் சினிமாவுக்குப் புதியதன்று. 1949இல் ஜெமினி நிறுவனத்தார் வெளியிட்ட ‘அபூர்வ சகோதரர்கள்’, ஒருவனது உடல் வேதனையை மற்றவனும் உணரும் இரட்டையரைத் திரைக்குக் கொணர்ந்தது. அலெக்சாந்தர் டூமாவின் கதையொன்றைத் தழுவிய அப்படத்தில் இப்பிணைப்பு வீரசாகசத்துக்குத் துணைநின்றது. 2001இல் சுரேஷ் கிருஷ்ணாவின் நெறியாள்கையில் வெளிவந்த ‘ஆளவந்தான்’ அதே பிணைப்பை அச்சத்தின் ஊற்றாக்கியது. கமல்ஹாசனின் ‘தாயம்’ என்னும் தொடர்கதையே இதன் மூலமாகும். இரட்டையர் இருவராகவும் அவரே நடித்தார்.

இளமையில் தாயை இழந்த இருவருள் விஜய் உறவினரின் ஆதரவில் வளர்ந்து கொமாண்டோ அதிகாரியாகிறான். வீட்டிலேயே தங்கிவிட்ட நந்து சிற்றன்னையின் கொடுமைக்காளாகி, அவளைக் கொன்று, மனநோயாளர் காப்பகத்தில் அடைபடுகிறான். விஜயின் காதலியிடத்துச் சிற்றன்னையையே காணும் நந்து, சகோதரனைக் காப்பதாக எண்ணி அவளைக் கொல்ல முனைகிறான். சகோதரன் இன்றித் தான் இல்லை என்னும் இச்சார்பு, 1988இல் டேவிட் குரோனென்பேர்க் உருவாக்கிய ‘டெட் ரிங்கர்ஸ்’ படத்தின் இரட்டை மருத்துவரிடமும் காணப்படுவதாகும். அங்கும் பிரிவு அழிவிலேயே முடிகிறது.

ஆயின், இவ்வச்சத்தை உளவியற் கோளாறாக மாத்திரம் விளக்குவது போதாது. கொலைத்திறன் இருவருக்கும் பொதுவானது. காஷ்மீரில் ஆயுததாரிகளுடன் பொருதும் விஜயின் வன்முறைக்கு அரசு சீருடை அணிவிக்கிறது. நந்துவின் வன்முறைக்கு விலங்கு பூட்டுகிறது. ஒரே முகம் இருபுறமும் தோன்றும்போது பார்வையாளர் உணரும் கலக்கம், இப்பாகுபாட்டின் அடிப்படை பற்றிய கலக்கமே எனலாம்.

இவ்விடத்தில் மலையகத் தோட்டங்களின் கூத்து மரபில் இடம்பெறும் பொன்னர்–சங்கர் கதை நினைவுகூரத்தக்கது. புசல்லாவை வட்டாரத் தோட்ட மக்களுக்கும் அது அந்நியமானதன்று. அங்கும் ஒருவன் சாந்தன், மற்றவன் சினத்தன்; தம்பி மாண்டபின் அண்ணன் வாழ்வதில்லை. எனினும் அவர்களது சினமும் சாந்தமும் ஒரே நிலத்துக்காகவும் குடிக்காகவும் இயங்குவதால், மக்கள் இருவரையும் ஒருங்கே அழுது வணங்குகின்றனர். கூட்டுவாழ்வு சிதைந்து, குடும்பம் நான்கு சுவர்களுள் ஒடுங்கிய சமூகத்திலேயே சார்பு நோயாகிறது.

‘ஆளவந்தான்’ இவ்வுண்மையை நெருங்கியும் இறுதியில் விலகிச் செல்கிறது. அவளை அவ்வீட்டுக்குக் கொணர்ந்த தந்தையின் அதிகாரம் மங்கலாக, பழியின் பெரும்பகுதி பழங்கதை மரபின் சிற்றன்னை மீதே சுமத்தப்படுகிறது. நந்துவின் மரணத்தோடு வன்முறையும் ஒழிந்ததுபோன்ற தோற்றம் எழுகிறது; சீருடையணிந்த மற்றைய பாதி வினாவுக்குட்படாமலே எஞ்சுகிறது. அவ்வினாவைத் தொடுப்பதே திறனாய்வின் கடமையாகும்.