தாய்லாந்தில் குடியேறியோரும் அவர்கள் வீட்டு விருந்தாளிகளும்

சுற்றுலாவைக் கணக்கிடுவோர் பயணிகளை அவரவர் வரும் நோக்கத்தை வைத்துப் பிரிக்கும்போது, உறவினரையும் நண்பரையும் பார்க்க வருவோரைத் தனிவகையாக வைப்பது வழக்கம். விடுதியில் அறை எடுக்காமலும் பயண நிறுவனத்தை நாடாமலும் தெரிந்தவர் வீட்டில் இறங்கிக்கொள்ளும் இவர்கள், அறை வாடகை மிச்சமாவதால் கூடுதல் நாள் தங்குகிறார்கள்; எங்கே சாப்பிடலாம், எந்த வண்டியில் ஏறக்கூடாது என்பதையெல்லாம் வீட்டுக்காரரிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4 கோடி அயல்நாட்டவர் வந்துபோன தாய்லாந்தில் இவ்வகையினர் பெருங்கூட்டத்துக்குள் கலந்து மறைந்துவிடுகின்றனர் என்றாலும், அந்நாட்டில் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும் அயல்நாட்டவரின் உண்மையான நிலையை அறிய விரும்புவோர், அவர்கள் வீட்டுக்கு விருந்தாளி வரும் நாட்களைக் கவனிப்பதே நல்லது.

அயல்நாட்டவர் அங்கே பெருமளவில் தங்கத் தொடங்கியதற்கு வியட்நாம் போர் ஒரு முக்கியக் காரணம். உடோன் தானி, கோராட், ஊதபாவ் ஆகிய இடங்களில் 1960களில் அமெரிக்க வான்படைத் தளங்கள் இயங்கியபோது வந்த வீரர்களில் சிலர், தளங்கள் மூடப்பட்ட பின்னரும் தாய்லாந்துப் பெண்களை மணந்து அங்கேயே தங்கினர். அடுத்த பெரிய அலை 1997இல் எழுந்தது. அவ்வாண்டு ஜூலை 2 அன்று தாய்லாந்து தன் நாணயமான பாட்டின் மதிப்பைச் சந்தையின் போக்குக்கு விட்டுவிட, டாலருக்கு 25 என்றிருந்த அதன் மதிப்பு சில மாதங்களில் டாலருக்கு 50ஐத் தாண்டும் அளவுக்குச் சரிந்ததால், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சுமாரான ஓய்வூதியம் பெற்றுவந்தவர்கள் பட்டாயாவிலும் ஹுவா ஹின்னிலும் சியாங் மாயிலும் வசதியாக வாழ முடிந்தது. அந்த வசதி இப்போது முன்புபோல் இல்லை. பாட் வலுவடைந்துவிட்டது, பவுண்டு இறங்கிவிட்டது, பிரிட்டன் தன் அரசு ஓய்வூதியத்தைத் தாய்லாந்தில் வாழ்வோருக்கு ஆண்டுதோறும் உயர்த்தித் தருவதும் இல்லை.

இப்படிப் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்கும் பெரும்பாலும் நிரந்தர வசிப்புரிமை கிடையாது. அதற்கென அரசு ஒவ்வொரு நாட்டவருக்கும் ஆண்டுக்கு 100 இடங்களை மட்டுமே ஒதுக்குகிறது. மற்றவர்களுள் 50 வயதைக் கடந்த ஓய்வுபெற்றோர், உள்ளூர் வங்கியில் 8,00,000 பாட் வைப்பையோ மாதம் 65,000 பாட் வருமானத்தையோ காட்டி, 1,900 பாட் கட்டணம் செலுத்தி, தங்கும் அனுமதியை ஓராண்டு நீட்டித்துக்கொள்கின்றனர். 90 நாளுக்கு ஒருமுறை தம் முகவரியைக் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும். நிலம் வாங்கச் சட்டம் பொதுவாக இடம்தருவதில்லை. அடுக்குமாடிக் கட்டடங்களில் மொத்தப் பரப்பில் 49 விழுக்காடு வரை அயல்நாட்டவர் வாங்கலாம். ஆக, வாசலில் நின்று பிறரை வரவேற்கும் இந்த வீட்டுக்காரரே அரசின் பதிவேட்டில் ஆண்டுக்கொருமுறை தவணை நீட்டிக்கப்படும் விருந்தாளிதான். விருந்தோம்பலில் அவருக்கு நேரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த முரணிலிருந்தே பிறக்கின்றன.

முதல் சிக்கல் விருந்தாளி பெட்டியைக் கீழே வைத்த உடனே தொடங்குகிறது. 1979ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தின் 38ஆம் பிரிவுப்படி, தம் வீட்டில் அயல்நாட்டவர் ஒருவர் தங்கினால் வீட்டுக்குப் பொறுப்பானவர் 24 மணி நேரத்துக்குள் அதைத் தெரிவித்தாக வேண்டும். டிஎம் 30 என்று படிவ எண்ணாலேயே அறியப்படும் இந்த அறிவிப்பை விடுதிகள் அன்றாட வேலையாகச் செய்து முடித்துவிடுகின்றன. ஆனால் விடுமுறைக்கு வந்த மகளின் கடவுச்சீட்டு எண்ணையும் வந்திறங்கிய நாளையும் எழுதி, அத்துடன் வீட்டு ஆவணத்தின் நகலையும் இணைத்துத் தந்தை அலுவலகத்துக்குப் போய் நிற்பது வேறு விதமான அனுபவம். வாடகைக்குக் குடியிருப்பவர் என்றால் வீட்டு உரிமையாளரின் ஒத்துழைப்பையும் நாட வேண்டியிருக்கலாம். தனி வீட்டுக்காரர் தவறினால் 2,000 பாட் வரை அபராதம் உண்டு. நெடுங்காலம் ஏட்டளவில் கிடந்த இந்த விதி 2019ஆம் ஆண்டில் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டபோது குடியேறியோரிடையே பெரும் முணுமுணுப்பு எழுந்தது. அடுத்த ஆண்டே சில தளர்வுகள் வந்தன, இணையவழியாகத் தெரிவிக்கவும் வழி இருக்கிறது. வீட்டில் இடமில்லையே என்று அதே கட்டடத்தில் வேறொரு குடியிருப்பைச் சில நாட்களுக்கு வாடகைக்கு எடுத்துக்கொடுப்பதும் எளிதன்று. ஒரு மாதத்துக்குக் குறைவாக, நாள் கணக்கில் விடப்படும் இடத்தை 2004ஆம் ஆண்டின் விடுதிச் சட்டம் விடுதியாகவே கருதுவதால், உரிமம் இல்லாமல் அவ்வாறு விடுவது குற்றமாகும்.

வந்தவர்கள் அண்டை நாடான லாவோஸின் லுவாங் பிரபாங்கையோ கம்போடியாவின் அங்கோரையோ பார்க்க ஆசைப்பட்டால் நிலைமை இன்னும் வேடிக்கையாகிறது. விசா விலக்கில் வந்திருக்கும் விருந்தாளி எல்லையைக் கடந்து போய்த் திரும்பி வரலாம். வீட்டுக்காரரோ புறப்படுமுன் மறுநுழைவு அனுமதி வாங்கிக்கொள்ளாவிட்டால், காலடி வெளியே பட்டதும் அவருடைய ஓராண்டு நீட்டிப்பு செல்லாததாகிவிடும். ஒருமுறை போய்வர 1,000 பாட்டும் பலமுறை போய்வர 3,800 பாட்டும் இதற்குக் கட்டணம். அந்நாட்டை நன்கறிந்தவரைவிட நேற்று வந்தவருக்கு நடமாட்டம் எளிது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் விதி வேறில்லை.

விருந்தாளிப் பருவம் நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரி வரை நீடிக்கிறது. ஐரோப்பாவில் பனி பெய்யும் அந்த மாதங்களில் தாய்லாந்தில் மழை ஓய்ந்து வெயிலும் அடங்கியிருக்கும். ஆறுகளில் விளக்கேற்றி மிதக்கவிடும் லோய் கிராதோங் விழாவும் பெரும்பாலும் நவம்பரிலேயே வரும். சியாங் மாயில் வசிப்போர் தம் உறவினரைப் பிப்ரவரிக்குப் பிறகு வரவேண்டாம் என்றே எச்சரிக்கின்றனர், ஏனெனில் அறுவடைக்குப் பின் வயல்களிலும் மலைக்காடுகளிலும் மூட்டப்படும் தீயின் புகை மலைசூழ்ந்த அப்பள்ளத்தாக்கில் ஏப்ரல் வரை தேங்கி நின்று மூச்சுத்திணறலை உண்டாக்குகிறது. அரண்மனைக்கும் மிதக்கும் சந்தைக்கும் ஒவ்வொரு பருவத்திலும் புதிய விருந்தாளியோடு போய்ப்போய் அலுத்தவர்கள், ஒரு கட்டத்துக்குப் பிறகு வாசலில் இறக்கிவிட்டுக் காப்பிக் கடையில் உட்கார்ந்துவிடுவதும் உண்டு. அதைக் குறைசொல்வதற்கில்லை.

தேசியப் பூங்காக்களின் நுழைவுச்சீட்டுக் கூண்டு கவனித்துப் பார்க்கத் தகுந்த இடம். தாய்லாந்தில் பல பொது இடங்களில் உள்நாட்டவருக்கு ஒரு விலையும் அயல்நாட்டவருக்கு வேறு விலையும் வைத்திருக்கிறார்கள். காவ் யாய் தேசியப் பூங்காவில் உள்நாட்டவருக்கு 40 பாட், அயல்நாட்டவருக்கு 400 பாட் என்று நெடுநாள் இருந்துவந்தது. உள்நாட்டவருக்கான விலை பல இடங்களில் தாய் எண்களில் எழுதப்பட்டிருப்பதால் புதிதாய் வந்தவருக்கு அது விலை என்றே தெரிவதில்லை. வீட்டுக்காரர் தம் தாய்லாந்து ஓட்டுநர் உரிமத்தையோ, அயல்நாட்டவருக்கு வழங்கப்படும் இளஞ்சிவப்பு அடையாள அட்டையையோ நீட்டி, தாய் மொழியில் இரண்டு வார்த்தை பேசினால் சில வேளைகளில் குறைந்த விலை கிடைக்கும். கூண்டில் இருப்பவர் மறுத்துவிட்டால், விருந்தாளிகளின் முன்னிலையில் அவரும் பத்து மடங்கு கொடுத்துத்தான் உள்ளே போக வேண்டும். பல்லாண்டு வரி கட்டியவருக்கு அந்த 360 பாட்டைவிட அந்த மறுப்பே உறுத்துகிறது.

விருந்தாளியின் பாதுகாப்பும் வீட்டுக்காரரின் தலையில்தான் விழுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட அறிக்கை, தாய்லாந்தில் ஒரு லட்சம் பேருக்கு 32.7 பேர் சாலை விபத்தில் இறப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். ஊரில் ஸ்கூட்டர் ஓட்டியறியாத மருமகன் கடற்கரையில் ஒன்றை வாடகைக்கு எடுத்து விழுந்தால், உரிய உரிமம் இல்லையென்று காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். வேறு சில பொறிகள் கண்ணுக்கே தெரியாதவை. மின்-சிகரெட்டை நாட்டுக்குள் கொண்டுவருவது 2014 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. சந்தையில் வாங்கிய புத்தர் சிலையை வெளிநாட்டுக்கு எடுத்துச்செல்ல நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். நண்பரின் மதுக்கடையில் நெரிசல் நேரத்தில் உதவியாகக் கோப்பை எடுத்துக்கொடுத்தால்கூட அது அனுமதியில்லா வேலையாகக் கருதப்படலாம். 2016 பிப்ரவரியில் பட்டாயாவில் பிரிட்ஜ் என்னும் சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்த 32 முதிய அயல்நாட்டவரைக் காவல்துறை பிடித்துச்சென்றது. பணம் வைத்து ஆடியதற்கான சான்று அங்கே இல்லை. ஆனால் பதிவு செய்யாமல் 120 சீட்டுகளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்று 1935ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்வது பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. பிடிபட்டவர்களுள் 84 வயது மூதாட்டி ஒருவரும் இருந்தார்.

நாட்டின் வடகிழக்கில் உள்ள ஈசான் பகுதியில் கதை வேறு. அங்கே அயல்நாட்டுக் கணவர் பெரும்பாலும் மனைவியின் பெயரில் உள்ள நிலத்தில் வீடு கட்டிக்கொண்டு, அவளுடைய பெற்றோரும் உடன்பிறந்தாரும் சூழ வாழ்கிறார். விருந்தாளி என்றால் யார் என்பதிலேயே இரு குடும்பத்தாருக்கும் கருத்து வேறுபடும்: முன்கூட்டியே நாள் குறித்துத் தெரிவிக்காமல் வருவது அவருடைய அக்காவுக்கு அநாகரிகமாகத் தோன்ற, மனைவியின் சித்தி பிள்ளைகளோடு வந்து கூடத்தில் பாய் விரித்து ஒரு வாரம் இருப்பது அங்கே இயல்பாகக் கொள்ளப்படுகிறது. திருமணத்துக்கு ஐரோப்பாவிலிருந்து வரும் பெற்றோரைத் திகைக்க வைப்பது சின் சோட். மணமகன் வீட்டார் பெண்ணின் பெற்றோருக்குத் தரும் இப்பணத்தை எல்லோர் முன்னிலையிலும் தட்டில் பரப்பி எண்ணுவார்கள். நகையும் உடன் வைக்கப்படும். பெண்ணை விலைபேசுகிறார்களோ என்று கலங்கும் அவர்களுக்கு, அது வளர்த்தவர்களுக்குச் செலுத்தும் நன்றிக்கடன் என்பதையும், பல குடும்பங்கள் அதில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ மணமக்களுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவதையும் மகன்தான் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கும். அடுத்து ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து மணமக்களின் மணிக்கட்டில் வெள்ளைப் பருத்தி நூலைக் கட்டி வாழ்த்துவார்கள். அருகில் அமர்ந்திருக்கும் அயல்நாட்டுப் பெற்றோருக்கும் கட்டுவார்கள். அதை உடனே அறுத்து எறியக்கூடாது.

பாங்காக்கில் வேலை, வணிகம் காரணமாக வாழும் தமிழர்களின் வீடுகளில் விருந்தோம்பல் இவ்வளவு அந்நியமானதில்லை. சென்னையிலிருந்து விமானத்தில் 4 மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். 2024 ஜூலையில் தாய்லாந்து 93 நாட்டவருக்கு 60 நாள் விசா விலக்கு அளித்தபோது இந்தியரும் அதில் அடங்கியதால் பேரனைப் பார்க்க வரும் பெரியவர்களுக்கு வழி இன்னும் எளிதானது (இக்கால அளவுகளை அரசு அடிக்கடி மாற்றுவதால், புறப்படுமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நலம்). சிக்கல் சாப்பாட்டில்தான். காய்கறி மட்டும் போட்டது என்று கடைக்காரர் சொல்லும் உணவிலும் மீன் சாறு கலந்திருக்கும் என்பதால், சைவ உணவுக்காரர்கள் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் ஜே என்று எழுதியிருக்கும் கடைகளைத் தேடிப் போகக் கற்றுக்கொள்கிறார்கள். அங்கே வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை. சிலோம் சாலையும் பான் சாலையும் சந்திக்கும் மூலையில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழர் எழுப்பிய மகா மாரியம்மன் கோயிலுக்கு ஊரிலிருந்து வருபவர்களைத் தவறாமல் அழைத்துச்செல்கிறார்கள். உள்ளே வழிபடுவோரில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்களாக இருப்பதும், விஜயதசமி இரவில் அம்மன் சிலோம் சாலையில் உலா வரும்போது இருபுறமும் அவர்களே பூஜைத்தட்டுகளோடு காத்திருப்பதும் வந்தவர்களை வியப்பில் ஆழ்த்தும்.

விருந்தாளிகளே இல்லாத காலமும் ஒன்று வந்தது. 2020 ஏப்ரலில் நாட்டுக்குள் வரும் பயணிகள் விமானங்கள் நிறுத்தப்பட்டு, பின்னர் வந்தோர் பல நாள் விடுதித் தனிமைக்கு உட்பட நேர்ந்ததால், 2021 நவம்பரில் கதவு பரவலாகத் திறக்கும் வரை குடும்பத்தைப் பார்க்காமலே பலர் காலம் தள்ளினர். வயது முதிர்ந்த பின் வெளிநாட்டில் தனித்திருப்பது என்ன என்பதை அந்த ஒன்றரை ஆண்டு பலருக்குப் புரியவைத்தது. சிலர் மூட்டை கட்டி ஊர் திரும்பினர்.

தங்கியவர்களின் வீட்டுக்கு வரும் பிள்ளைகளின் பயண நோக்கம் ஆண்டுகள் செல்லச்செல்ல மாறுகிறது. முதலில் கடற்கரைக்காக வந்தவர்கள் பிறகு மருத்துவமனைக் கட்டணத்துக்காகவும், இறுதியில் பெற்றவரின் உடலைப் பெற்றுக்கொள்ளவும் வருகிறார்கள். தூதரகத்தின் கடிதம் கிடைத்ததும் புத்தக் கோயிலின் எரிமேடையிலேயே தகனத்தைச் சில நாட்களில் முடித்துவிடலாம். வங்கிக் கணக்குதான் நாளாகும். கணக்குக்காரர் இறந்த செய்தி அறிந்ததும் வங்கி கணக்கை முடக்கிவிட, தாய்லாந்து நீதிமன்றம் சொத்தை நிர்வகிக்க ஒருவரை நியமித்து ஆணை பிறப்பிக்கும் வரை பணத்தை எவரும் எடுக்க முடியாது. உயில் எழுதாதவர் என்றால் தாமதம் இன்னும் கூடும். அந்தக் கணக்கில் இருப்பது பெரும்பாலும் ஆண்டுதோறும் தங்கும் அனுமதிக்காகத் தொடாமல் காட்டிவந்த 8,00,000 பாட்டாகவே இருக்கும்; ஆணை வருமுன் விருந்தாளியாக வந்த பிள்ளையின் விசா விலக்கு நாட்கள் முடிந்துவிடுவதும் உண்டு.