கையில் இருக்கும் ஆளா, வரப்போகும் ஆளா? டிராஃப்ட் பிக் கணக்கும் ஜடேஜா டிரேடும்

சங்கரன்கோவில் பக்கம் குருவிகுளம் மாதிரியான கரிசல் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு ‘உத்தி பிரிக்கிறது’ என்றால் விளக்கம் தேவையில்லை. சடுகுடு ஆட இரண்டு கேப்டன்கள் நிற்பார்கள். ஏறக்குறைய ஒரே பலமுள்ள இரண்டு பேர் ஜோடி சேர்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டு ஒதுங்கிப் போய், ரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். “சிங்கம் வேணுமா, புலி வேணுமா?” என்று கேட்பார்கள். எந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்று தெரியாமலே கேப்டன் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு மாற்ற முடியாது.

அமெரிக்க என்பிஏ கூடைப்பந்து லீக்கின் ‘டிராஃப்ட் பிக்’ கிட்டத்தட்ட இதுதான். என்ன, அங்கே சிங்கத்தின் விலை பல கோடி டாலர்! அந்த வாய்ப்பைக் கையிலேயே வைத்துக்கொள்வதா, இல்லை கொடுத்துவிட்டு பேர் தெரிந்த ஒரு ஆட்டக்காரரை வாங்குவதா? ஒவ்வொரு அணிக்கும் இது தலைவலி பிடித்த கேள்வி. 2025-ல் நம்ம சிஎஸ்கே-வுக்கும் கிட்டத்தட்ட இதே தலைவலி வந்தது.

டிராஃப்ட் பிக் என்றால் என்ன?

கல்லூரிகளில் இருந்தும் வெளிநாடுகளில் இருந்தும் வரும் இளம் வீரர்களை, 30 என்பிஏ அணிகளும் வருஷத்துக்கு ஒருமுறை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். மொத்தம் இரண்டு சுற்று. அந்த வரிசையில் ஒரு அணிக்குக் கிடைக்கும் இடம்தான் ‘பிக்’.

முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிக்கே முன்வரிசை வாய்ப்பு அதிகம். வேண்டுமென்றே தோற்று முதலிடம் பிடிக்கக் கூடாது என்பதற்காகக் குலுக்கல் வைத்திருக்கிறார்கள். 2025 குலுக்கலில் கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் பிக் கிடைக்கும் வாய்ப்பு தலா 14 சதவீதமாகத்தான் இருந்தது. 2025-ல் வெறும் 1.8 சதவீத வாய்ப்பு வைத்திருந்த டல்லாஸ் அணிக்குக் குலுக்கல் விழுந்து, கூப்பர் ஃப்ளாக் கிடைத்தார்.

இந்த பிக்கை ஏன் இவ்வளவு மதிக்கிறார்கள்? சம்பளம்தான் காரணம். முதல் சுற்றில் தேர்வாகும் வீரருக்கு ஆரம்ப வருடங்களில் சம்பளம் ஏற்கெனவே நிர்ணயிக்கப்பட்டது. அவர் சூப்பர் ஸ்டாராகவே ஆடினாலும் அந்த அளவுக்குள்தான். மிச்சமாகும் பணத்தில் இன்னும் இரண்டு நல்ல ஆட்களை வாங்கலாம்.

அப்போ எதற்கு விற்க வேண்டும்?

அவசரம். ‘இந்த வருஷமே கப் அடிக்கணும்’ என்ற அவசரம்.

2013-ல் புரூக்ளின் நெட்ஸ் செய்தது இதற்குப் பாடப்புத்தக உதாரணம். பாஸ்டன் செல்டிக்ஸில் இருந்து 37 வயது கெவின் கார்னெட், 35 வயது பால் பியர்ஸ் இருவரையும் வாங்கியது. பதிலுக்கு 2014, 2016, 2018 முதல் சுற்று பிக்குகளையும், 2017-ல் பிக்கை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கொடுத்தது. அடுத்த சீசனில் பிளேஆஃபில் ஒரே ஒரு சுற்று ஜெயித்ததோடு சரி. நட்சத்திரங்களுக்கு வயதாகிவிட்டது, அணி சரிந்தது. சரியச் சரிய, கொடுத்துவிட்ட பிக்குகளின் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. அந்த லாபம் முழுவதும் பாஸ்டனுக்கு.

2016-ல் அந்த பிக்கில் பாஸ்டன் எடுத்தது ஜெய்லன் பிரவுனை. 2017-ல் கைக்கு வந்தது முதல் பிக். அதையும் பாஸ்டன் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. பிலடெல்பியாவிடம் கொடுத்து, மூன்றாவது பிக்கையும் எதிர்கால பிக் ஒன்றையும் வாங்கியது. அந்த மூன்றாவது இடத்தில் வந்தவர் ஜெய்சன் டேட்டம். 2024-ல் செல்டிக்ஸ் சாம்பியன் ஆனபோது அணியின் இரண்டு தூண்கள் இவர்கள்தான்.

ஆக, ‘பிக்கை விற்கவே கூடாது’ என்பது பாடம் இல்லை. விற்ற பாஸ்டனும் ஜெயித்திருக்கிறது. எந்த நிலையில் நின்றுகொண்டு, எதற்குப் பதிலாக விற்கிறோம் என்பதுதான் விஷயம்.

ஐபிஎல்-ல் டிராஃப்டே இல்லையே?

இல்லை. இங்கே ஏலம். 2025 சீசனில் சிஎஸ்கே வரலாற்றில் முதல்முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது. என்பிஏ-வாக இருந்திருந்தால் முன்வரிசை பிக் கிடைக்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். ஐபிஎல்-ல் கடைசியில் வந்தவனுக்கு ஆறுதல் பரிசு கிடையாது. கையில் இருக்கும் வீரர்களும் பர்ஸில் இருக்கும் பணமும் மட்டும்தான் முதல்.

2025 நவம்பரில் அந்த முதலை சிஎஸ்கே எடுத்து வைத்தது. ராஜஸ்தான் ராயல்ஸிடம் இருந்து சஞ்சு சாம்சன் வந்தார். பதிலுக்கு ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் போனார்கள்.

2023 இறுதிப்போட்டியின் கடைசி இரண்டு பந்தில் 10 ரன் தேவைப்பட்டபோது சிக்ஸும் ஃபோரும் அடித்த மனுஷன் ஜடேஜா. 2012-லிருந்து, அணி தடையில் இருந்த இரண்டு வருடம் தவிர, மஞ்சள் ஜெர்சிதான். அவரைப் போய் கொடுப்பார்களா என்று ரசிகர்கள் கொதித்ததில் ஆச்சரியம் இல்லை.

உணர்ச்சியை ஓரமாக வைத்தால் கணக்கு என்ன?

முதலில் வயது. டிரேடு நடந்தபோது ஜடேஜாவுக்கு 37 ஆக சில வாரங்களே பாக்கி. சஞ்சுவுக்கு 31. தோனிக்கு 44. தோனிக்குப் பிறகு யார் கீப்பர் என்ற கேள்வி ரொம்ப நாளாகவே வாசலில் நின்றுகொண்டிருந்தது.

அடுத்தது பணம். சிஎஸ்கே-வில் ஜடேஜாவின் சம்பளம் 18 கோடி, கரனுக்கு 2.4 கோடி. சஞ்சுவுக்கு 18 கோடி. கரனின் 2.4 கோடி மிச்சம். ராஜஸ்தான் போன ஜடேஜாவின் சம்பளம் 14 கோடியாகக் குறைந்தது.

இதுவரை பார்த்தால் சிஎஸ்கே-வின் முடிவு நியாயமாகவே தெரிகிறது. நெட்ஸ் இளமையைக் கொடுத்து வயதை வாங்கியது. சிஎஸ்கே வயதைக் கொடுத்து, அதைவிட இளமையை வாங்கியிருக்கிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. டிசம்பரில் அபுதாபியில் நடந்த ஏலத்துக்கு 43.4 கோடியுடன் போன சிஎஸ்கே, இந்திய அணிக்கு ஆடியிராத இரண்டு இளைஞர்களை தலா 14.2 கோடிக்கு வாங்கியது. ஒருவர் 19 வயது விக்கெட் கீப்பர் கார்த்திக் சர்மா. இன்னொருவர் 20 வயது பிரசாந்த் வீர். இடதுகைச் சுழல், கூடவே பேட்டிங். யார் இடத்துக்கு என்று சொல்லவே வேண்டாம்!

இப்போ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்ன செய்வார் என்று எல்லோருக்கும் தெரிந்த ஜடேஜாவுக்கு ராஜஸ்தான் தருவது 14 கோடி. என்ன செய்வார் என்று யாருக்கும் தெரியாத அவருடைய வாரிசுக்கு சென்னை தருவது 14.2 கோடி. சிங்கமா, புலியா என்று கேட்டு கேப்டன் கை நீட்டிவிட்டார்.

ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. என்பிஏ-வில் தெரியாத ஆள் மலிவு. சரியாக ஆடாவிட்டாலும் நஷ்டம் ஓரளவுதான். ஐபிஎல் ஏலத்தில் தெரியாத ஆளுக்கும் நட்சத்திர விலை. ரிஸ்க் இருக்கிறது, தள்ளுபடி இல்லை. எனவே சஞ்சு டிரேடை விட, இந்த இரண்டு 14.2 கோடிகள்தான் சிஎஸ்கே எடுத்த பெரிய பந்தயம்.

பந்தயம் ஜெயிக்க என்ன வேண்டும்?

பொறுமை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனைக் கேட்டால் தெரியும். 2017 ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் இருந்த அவரை பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. ஆறு போட்டி, இரண்டு விக்கெட். அடுத்த வருட மெகா ஏலத்துக்கு முன் அணி அவரைத் தக்கவைக்கவில்லை. ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. இரண்டு சீசன் பெஞ்சில் உட்கார்ந்தார். 2020-ல் யார்க்கர் யார்க்கராக இறக்கினார். அந்த வருடமே ஆஸ்திரேலியாவில் இந்திய ஜெர்சி.

3 கோடிக்கு வாங்கிய அணிக்குக் கிடைக்காத நடராஜன், 40 லட்சத்துக்கு வாங்கிய அணிக்குக் கிடைத்தார். ஆள் ஒன்றுதான். காத்திருந்தது வேறு அணி.

எல்லா காத்திருப்பும் இப்படி முடிவதில்லை. பஞ்சாப் கிராமத்தில் இருந்து போன சத்னாம் சிங்கை 2015-ல் டல்லாஸ் 52-வது பிக்கில் எடுத்தது. இந்தியாவில் பிறந்து என்பிஏ டிராஃப்டில் தேர்வான முதல் ஆள். ஆனால் ஒரு என்பிஏ போட்டிகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

சரி, வைத்துக்கொள்வதா, கொடுப்பதா?

கப்புக்கு ஒரே ஒரு ஆள்தான் குறைகிறது என்றால் கொடுக்கலாம். அணியே தேய்ந்து கடைசியில் நிற்கிறது என்றால் இளசுகளை வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அதே சமயம், வைத்துக்கொண்ட பிறகு நாலு போட்டியில் சொதப்பினான் என்று பெஞ்சுக்கு அனுப்புவதாக இருந்தால், முதலிலேயே விற்றிருக்கலாம்.

ரசிகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 20 வயசுப் பையன் ஒரு கேட்சை விட்டதும் ‘14 கோடி வேஸ்ட்’ என்று மீம் போடுவதற்கு முன்னால் உத்தி பிரித்த நாட்களை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம். பெயரைச் சொல்லி அழைத்தது கேப்டன். நமக்கு வந்தவன் எப்படி ஆடினாலும், அன்றைக்கு ஆட்டம் முடிகிற வரைக்கும் அவன் நம்ம ஆள்தான்.