நம்ம வயல் கணக்கு யார் கையில்?

போன மாசம் ஒரு தம்பி என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். கையில் செல்போன். "ஐயா, இந்தச் செயலியில உங்க விவரத்தைப் பதிஞ்சா மழை, பூச்சி, விலை எல்லாம் இலவசமாச் சொல்லும்" என்றார். சர்வே எண், என்ன ரகம், எத்தனை மூட்டை கண்டது, யாருக்கு விற்றேன், கடன் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "இதெல்லாம் எங்க போகுது தம்பி?" என்றேன். "அது எனக்குத் தெரியாதுங்க ஐயா. ஒரு நாளைக்கு இத்தனை பேரைச் சேர்க்கணும், அவ்வளவுதான்" என்றார். பாவம், அவர் மேல தப்பில்லை.

ஒரு விவசாயியின் கணக்கு தனியா இருந்தா அதுக்குப் பெரிய விலை இல்லை. ஒரு வட்டாரத்துல ஆயிரக்கணக்கான பேர் கணக்கு ஒரே இடத்துல சேர்ந்தா கதையே வேற. எப்போ எவ்வளவு நெல் சந்தைக்கு வரும், யாருக்குப் பணம் அவசரம் என்பது அறுவடைக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். இது தெரிஞ்ச வியாபாரியும் தெரியாத விவசாயியும் பேரம் பேசினா யார் ஜெயிப்பார்?

அமெரிக்காவில் விதைக் கம்பெனிகள் இதை எப்பவோ புரிஞ்சுக்கிட்டாங்க. 2013-ல் மான்சாண்டோ, கிளைமேட் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தைச் சுமார் 93 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த நிறுவனம் விதையோ உரமோ விற்றதில்லை. வானிலை, மண் விவரங்களைக் கணினியில் அலசுவதுதான் அதன் பலம். 2018-ல் மான்சாண்டோவையே பேயர் வாங்கிவிட்டது. ஆக விதை, களைக்கொல்லி, வயல் கணக்கு மூணும் ஒரே கையில்.

நம்ம நாட்டிலும் வேலை தொடங்கியாச்சு. 2024 செப்டம்பரில் மத்திய அரசு 2,817 கோடி ரூபாயில் டிஜிட்டல் வேளாண் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 11 கோடி விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் தருவது அதன் இலக்கு. வெள்ள நிவாரணத்துக்கு அலையாம இருக்க இது உதவினா நல்லதுதான். ஆனா பட்டா இல்லாத குத்தகை விவசாயி இந்தக் கணக்கில் எங்கே நிற்பார்? நம்ம விவரத்தை யார் யார் பார்க்கலாம்? இதை நாமதான் கேட்கணும்.

நான் மிஷினுக்கு எதிரி இல்லை. ஆள் கிடைக்காத நேரத்துல அறுவடை மிஷினை நானும் கூப்பிட்டேன். ஆனா நெல்லாகக் கூலி வாங்கின பெண்களுக்கு அந்த நெல் போச்சு. வாடகைப் பணமும் வெளியூருக்குப் போச்சு. ஊரே சேர்ந்து ஒரு வண்டி வாங்கியிருந்தா பணமாவது ஊரில் நின்றிருக்கும். அப்போ நாங்க அதை யோசிக்கலை. வயல் கணக்கிலும் அதே தப்பைப் பண்ண வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கு. கணினி நாம கொடுத்ததை வைத்துத்தான் பேசும். ரசாயன வயல்களின் கணக்கே அதில் நிரம்பியிருந்தா, இலை மஞ்சளானதும் யூரியா போடத்தான் சொல்லும். பல தானிய விதைப்பும் மாப்பிள்ளைச் சம்பாவும் அதுக்கு எப்படித் தெரியும்?

அதனால இப்படிச் செய்யலாம்:

1. முதல்ல உங்க கணக்கை நீங்க எழுதுங்க. விதைத்த தேதி, மழை, பூச்சி, செலவு, மகசூல் எல்லாத்துக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

2. யாராவது விவரம் கேட்டா மூணு கேள்வி கேளுங்க. எதுக்கு? யாருக்குக் கொடுப்பீங்க? வேண்டாம்னா அழிப்பீங்களா? பதில் இல்லைன்னா கொடுக்காதீங்க.

3. குழுவா சேர்ந்து கணக்கைப் பகிருங்க. எந்த ரகம் எந்த மண்ணுக்கு ஒத்துவந்தது என்று நமக்கே தெரியும். செயலியோ ட்ரோனோ வேணும்னா குழுவின் பேரில் வாங்கலாம்.

விதையை ஒரு தடவை கையை விட்டோம். திரும்பச் சேர்க்க எத்தனை வருஷம் பாடுபட்டோம்னு உங்களுக்கே தெரியும்.

அந்தத் தம்பிக்கு மோர் கொடுத்து அனுப்பினேன். விவரம் கொடுக்கலை. எங்க குழுவில் இந்தச் சம்பாவிலிருந்து பதினோரு பேர் நோட்டு எழுத ஆரம்பிச்சிருக்கோம். பட்டம் முடிஞ்சதும் ஒண்ணா உட்கார்ந்து கூட்டிப் பார்க்கப் போறோம்.