ஹட்டனில் மழை, நிலாவெளியில் வெயில்

"டீச்சர், இங்க இந்த மழை ஊத்துது. இப்பப் போய் கடலுக்கா?"

ஜூலை மாதம் நிலாவெளிக் கடலில் உள்ள புறாமலைக்கு ஒரு வேன் பேசுவோம் என்றதும் லயத்துப் பிள்ளைகள் கேட்டது இது. நியாயமான கேள்வி. சாயத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. ஏனென்றால், இங்கே மழையைக் கொட்டுகிற காற்றுதான் அங்கே வெயிலைக் கொண்டுவருகிறது.

மே தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் காற்று கடல் ஈரத்தோடு நம் மலையில் மோதுகிறது. மேலே ஏற ஏறக் குளிர்ந்து, சுமந்து வந்த தண்ணீரை மேற்குச் சரிவிலேயே இறக்கிவிடுகிறது. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்வது அதனால்தான். நுவரெலியா மலைமுகட்டைத் தாண்டி இறங்கும்போது அந்தக் காற்றில் ஈரம் இல்லை. சூடாகி, வறண்டுவிடுகிறது. வெலிமடை, பதுளைப் பக்கத்துத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை தனி மணம் வருவது அந்த வறட்சியால். இன்னும் கீழே போய்க் கிழக்குக் கரையைத் தொடும்போது அங்குள்ளவர்கள் அதைக் கச்சான் என்கிறார்கள். கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் பெரிய அலை எழும்ப இடமில்லை. நாம் படங்கு கட்டிக்கொண்டு மழையில் கொழுந்து பறிக்கும் நாட்களில் நிலாவெளிக் கடல் அடங்கிக் கிடக்கும்.

வருடக் கடைசியில் இது அப்படியே புரளும். வாடைக்காற்று கடலிலிருந்து திருகோணமலை மேல் வீசும். நவம்பர் முதல் பெப்ரவரி வரை அலை பெரிது, தண்ணீர் கலங்கல். அந்தக் காலத்தின் பின்பாதியில் தொடங்கி, ஜனவரியிலிருந்து மார்ச் வரை, நம் பக்கம் பகலில் வெயிலும் இரவில் பனியுமாக இருக்கும். டிம்புள்ளத் தேயிலை மணக்கும் பருவம் அதுதான். மலையில் வானம் வெளுத்திருக்கிறதே என்று பொங்கல் லீவுக்கு வேன் பிடித்தால், படகு இறங்காத கரையைப் பார்த்துவிட்டுக் கோணேசரை மட்டும் கும்பிட்டுத் திரும்ப வேண்டிவரும்.

புறாமலை, நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் தூரம். பெரியது ஒன்று, சிறியது ஒன்று என்று இரண்டு தீவுகள். பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் அந்தப் பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் அது சுட்டுப் பழகும் இடமாக இருந்தது. 1963இல் சரணாலயமானது, 2003இல் தேசியப் பூங்காவானது. யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகுதான் ஜனங்கள் திரளாகப் போக ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு பட்ட அடியும் அதிகம்.

அடி என்று நான் சொல்வது பவளத்துக்குப் பட்டதை. தீவில் இறங்கியதும் வெள்ளை வெள்ளையாக, விரல் விரலாக நொறுங்கிக் கிடப்பதைப் பார்த்துச் சிலர் கல் என்கிறார்கள், சிலர் செடி என்கிறார்கள். இரண்டும் இல்லை. பவளம் ஒரு சின்ன உயிர். ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்ந்து, தன் அடியில் சுண்ணாம்பைக் கட்டிக்கொண்டே போகும். நாம் பார்க்கும் கிளை அந்தச் சுண்ணாம்பு வீடு. அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசிதான் வெயிலைக்கொண்டு உணவு சமைத்துப் பவளத்துக்கு ஊட்டுகிறது, நிறமும் கொடுக்கிறது. அதனால்தான் பவளத்துக்குத் தெளிந்த தண்ணீரும் வெளிச்சமும் வேண்டும். கடல் அளவுக்கு மேல் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். வெளுத்துப்போய்ப் பட்டினியில் கிடக்கும். 1998இல் உலகம் முழுக்க இப்படி நடந்தபோது ஹிக்கடுவைப் பவளம் பெரும்பாலும் செத்தது. திருகோணமலைப் பக்கம் தப்பியது. தப்பிய அந்தப் பவளத்தை நாம் காலால் மிதித்து உடைப்பதை நினைத்தால் எனக்கு மனசு பொறுக்கவில்லை.

கிளைப்பவளம் நன்றாக வளர்ந்தால் ஆண்டுக்குச் சுமார் பத்து சென்டிமீட்டர். உருண்டைப் பவளம் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. கவ்வாத்து வெட்டிய தேயிலைபோலச் சில மாதத்தில் துளிர்த்து வராது. ஒரு பெரிய உருண்டைமேல் ஏறி நின்று போட்டோ எடுக்கிறவர், தன் தாத்தா பிறக்கும் முன்பே வளரத் தொடங்கிய ஓர் உயிர்மேல் நிற்கிறார்.

இங்கே லைஃப் ஜாக்கெட் நம்மையும் காக்கும், பவளத்தையும் காக்கும். நம்மில் பெரும்பாலோருக்கு நீச்சல் தெரியாது. ஆற்றில் குளித்த பழக்கம் கடலுக்குப் போதாது. படகில் ஏறும்போதே நன்றாக இறுக்கிக் கட்டுங்கள், தண்ணீரிலும் கழற்றாதீர்கள். அது உடம்பை மிதக்கவைப்பதால் கால் கீழே போகாது, பவளமும் பிழைக்கும். முகக்கண்ணாடி போட்டு முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைத்தால் போதும், கீழே ஓர் ஊரே தெரியும். சுமார் நூறு வகைப் பவளமும் முந்நூறு வகை மீனும் அங்கே இருப்பதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். செட்டை நுனி கறுத்த சுறா ஆழமில்லாத இடத்திலும் சுற்றும். துரத்தாமல், இரை போடாமல் விட்டால் அது விலகிப் போய்விடும்.

அக்காமாருக்கு ஒரு வார்த்தை. சேலையோடு கடலில் இறங்காதீர்கள். நனைந்தால் பாரம், காலைச் சுற்றும். முழுக்கை டீ-சர்ட்டும் காற்சட்டையும் நல்லது. அது வெயிலையும் தடுக்கும், சன்ஸ்கிரீன் பூசும் வேலையும் குறையும். அந்தக் கிரீம்களில் உள்ள சில ரசாயனம் பவளத்துக்கு ஆகாது என்று ஹவாயில் 2018இல் சட்டம் போட்டு, 2021 முதல் அவற்றின் விற்பனையைத் தடுத்தார்கள்.

வீட்டிலுள்ள பாட்டிமார் "கடலா, வேணாம்" என்றால் கோபப்படாதீர்கள். அவர்களுடைய பாட்டன் பூட்டன் இராமநாதபுரக் கரையில் தோணி ஏறி, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்தவர்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்கள் ஏராளம். கடல் என்றால் நம் வீடுகளில் அந்தக் கதைதான். உல்லாசமாகக் கடல் பார்க்க அந்தத் தலைமுறைகளுக்கு நேரமும் கிடைக்கவில்லை, காசும் கிடைக்கவில்லை. அதனாலேயே பாட்டியையும் கூட்டிப்போங்கள் என்பேன். படகில் ஏற மாட்டேன் என்றால் நிலாவெளி மணலில் உட்கார்ந்து கால் நனைக்கட்டும்.

ஹட்டனிலிருந்து கண்டி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகச் சுமார் 250 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்வர வேண்டுமென்றால் முதல்நாள் இரவே புறப்பட வேண்டும். காலையில் கடல் தெளிவு, கூட்டமும் குறைவு. ஞாயிறும் போயா நாளும் நெரிசல். டிக்கெட் கொடுப்பது வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். உள்நாட்டவருக்கான கட்டணத்துக்கு அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். படகுக்கூலியை ஏறும் முன்பே பேசி முடியுங்கள். தீவில் கடை கிடையாது. சாப்பாட்டைக் கரையில் முடித்துவிட்டு, பொலித்தீன் பைகளை வேனிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

மதியம் இரண்டு மணிக்குள் நிலாவெளியை விட்டுக் கிளம்பிவிடுங்கள். வழியில் கன்னியா வெந்நீரூற்றில் உப்புப் போகக் குளிக்கலாம், ஆனால் அதிகம் சுணங்க வேண்டாம். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் பொழுது சாய்ந்தால் யானைகள் ரோட்டுக்கு வரும்; டிரைவர் ஏற்கனவே ஓர் இரவு முழுக்கக் கண் விழித்திருப்பார்.