தேதி தவறிய மடிக்கணினி

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய திட்டத்தின் வழியாக, விண்டோசையும், டெபியன் லினக்ஸை ஆதாரமாகக் கொண்டு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் தாங்கி மாணவர் கைகளுக்கு வந்த இலவச மடிக்கணினிகளில் ஒன்று, அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ பல வருஷங்கள் பீரோவில் கிடந்துவிட்டு, தம்பியின் கல்லூரிப் படிப்புக்காக மறுபடி வெளியே எடுக்கப்படும்போது, ஒரு விசித்திரமான இடையூறு நேர்வதுண்டு. வைஃபை கிடைக்கிறது, ஆனாலும் எந்த மென்பொருளும் இறங்க மறுக்கிறது. வீட்டார் முதலில் நெட் கம்பெனியைச் சந்தேகிக்கிறார்கள், பிறகு வைரஸை, இறுதியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் விண்டோஸ் போட்டுத் தரச் சொல்கிறார்கள். திரையின் வலது மூலையில் தேதி தவறாக நிற்பதை ஒருவரும் கவனிப்பதில்லை.

மின்சாரம் இல்லாத போதும் கணினியின் கடிகாரம் ஓடுவதற்காக மதர்போர்டில் 3 வோல்ட் லித்தியம் செல் ஒன்று இருக்கிறது. சர்வீஸ் கடைகளில் அதைச் சீமாஸ் பேட்டரி என்பார்கள். அது தீர்ந்துபோனால் யந்திரம் தன் பழைய ஆண்டு ஒன்றுக்குத் திரும்பிவிடும். மென்பொருளை வழங்கும் தளமோ, தன் அடையாளத்துக்குச் சாட்சியாக, தொடக்க நாளும் முடிவு நாளும் குறித்த சான்றிதழ் ஒன்றை நீட்டுகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு வழங்கிவந்த இத்தகைய சான்றிதழின் ஆயுள் வெறும் 90 நாள். இன்றைய தேதியை 2011 என்று நம்பும் கணினிக்கு, போன மாதம் பிறந்த சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை; ஆகவே அது கதவைச் சாத்திக்கொள்கிறது. டெபியன் குடும்பத்தின் புதிய பதிப்புகளிலும் இவ்வாறே, மென்பொருள் பட்டியலின் தேதி எதிர்காலத்தைக் காட்டினால் புதுப்பிப்பு நின்றுவிடும். இந்தக் கண்டிப்பு அவசியமானது என்பதே என் அபிப்பிராயம். காலாவதியான சான்றிதழை ஏற்கத் துணிந்தால், களவுபோன அதன் ரகசியச் சாவியும் என்றென்றும் செல்லுபடியாகிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தேதி பெரிதும் பிசகியிருந்தால், இணையத்திலிருந்து தானாக நேரம் திருத்திக்கொள்ளும் ஏற்பாடும், விண்டோஸ் 7இல், பாதுகாப்பைக் காரணம் காட்டி ஒதுங்கிவிடும். எனவே தேதியையும் ஆண்டையும் கையால் சரிசெய்து, நேர மண்டலத்தில் இந்தியாவுக்குரிய 5.30 மணிக் கணக்கைத் தேர்ந்தெடுத்த பிறகே தானியங்கித் திருத்தத்தை ஏவ வேண்டும். மண்டலம் அமெரிக்காவாக இருக்க, முள்ளை மட்டும் நம் நேரத்துக்குத் திருப்பி வைத்தால், கண்ணுக்குச் சரியாகத் தோன்றும் கடிகாரம் உள்ளுக்குள் பல மணி நேரம் முந்தி ஓடும்.

2022 ஏப்ரலில், கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு, நிறுவனங்களின் கணினிக் கடிகாரங்கள் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு இசைய வேண்டுமென்று உத்தரவிட்டது. வீட்டுக் கணினிக்கு அப்படி யாரும் உத்தரவிடப்போவதில்லை. குரோம் உலாவி, கடிகாரம் பின்தங்கியிருப்பதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறது; ‘இணைப்பு தோல்வி’ என்று மட்டும் சொல்லி ஏழை மாணவனைக் கடை கடையாக அலையவிடும் மற்ற மென்பொருள்களும் அவ்விதம் சொல்லியாக வேண்டும். அதுவரை, விண்டோஸை மறுபடி போடக் கொடுப்பதற்கு முன் அந்தச் சிறு செல்லை மாற்றச் சொல்லுங்கள்.